ரங்கூன் மூங்கில்

அறுபதுகளின் நடுவில் பர்மாவிலிருந்து நம் ஆட்கள் கப்பல் கப்பலாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். பட்டணத்து முகாமில் கொஞ்ச நாள், பிறகு வேலை கிடைக்கிற ஊர் என்று சிதறியதில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் திருப்பூருக்கு வந்து, எங்கள் லைன் வீட்டுக் கடைசி ரூமில் குடியேறினார்கள். அவர் ராமநாதபுரத்துப் பக்கத்து ஆள், ரங்கூனில் துணிக்கடையில் இருந்தவர். அந்தம்மா பர்மாவிலேயே பிறந்த பர்மியப் பெண். அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள் அத்தனை பேரையும் அங்கே விட்டுவிட்டுப் புருஷனோடு கப்பலேறியிருந்தாள். கொண்டுவந்த ஏதோ ஒரு மரக்கட்டை தேய்ந்து தீரும்வரை அதைக் கல்லில் உரசிக் கன்னத்தில் பூசிக்கொண்டிருந்தாள். லைன் வீட்டுப் பெண்கள் அவளைப் பர்மாக்காரி என்றார்கள். எனக்கு அவள் அக்கா. என்னை அவள் தங்கச்சி என்றாள். ரங்கூனில் புருஷனிடம் கற்றுக்கொண்ட தமிழ் என்பதால் எங்கள் ஊர் 'ங்க' அதில் கிடையாது. அதற்காகவே அவளிடம் பேச்சுக் கொடுப்பேன்.

லைன் வீடு எங்களுடையது. அவிநாசி ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, முன்னால் எங்கள் வீடு, பக்கத்தில் பனியன் கம்பெனி ஷெட், பின்னால் வரிசையாக ரூம்கள். மாமனார் காலமான பிறகு எல்லாவற்றையும் கட்டி ஆண்டது என் மாமியார். நான் அத்தை என்று கூப்பிடுவேன். என் வீட்டுக்காரர் மிஷினோடு மல்லுக்கட்டுவார், அவ்வளவுதான். ஆள் சேர்ப்பது, நிறுத்துவது, நூல்காரர்களிடம் பேசுவது எல்லாம் அத்தை. குன்னத்தூர்ப் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். பேச்சில் மரியாதை ஒரு பொட்டுக் குறையாது. ஆனால் அவர் செய்ததைத் தப்பு என்று சொல்ல யாருக்கும் வாய்ப்புக் கிடைத்ததில்லை. தப்பாகச் செய்வதில்லை என்பதுதான் காரணம். அப்படித்தான் நாங்கள் நினைத்திருந்தோம், அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

பர்மாக்காரருக்கு எங்கள் கம்பெனியிலேயே மிஷினில் வேலை. அக்காவுக்குத் தைத்து வந்த பனியனில் பிசிறு வெட்டி மடிக்கிற வேலை. வாய் பேசாமல் மடிப்பாள். சில சமயம் வெட்டிக் கழித்த துண்டுகளில் மெத்தென்று இருப்பதைப் பொறுக்கி இடுப்பில் செருகிக்கொள்வாள். எதற்கு என்று நான் கேட்டதில்லை.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் அடித்தது. என் இரண்டாவது பிள்ளை அந்த மழையில்தான் பிறந்தான். தலைப்பிரசவத்தைப் பார்த்த என் அம்மா அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டதால் மாமியார் வீட்டிலேயே பெற்றுக்கொண்டேன். மருந்து அரைத்தது, பத்தியச் சோறு போட்டது, வென்னீர் ஊற்றியது எல்லாம் அத்தைதான். கம்பெனியில் அத்தனை வேலை கிடந்தும் என்னை ஒரு வேலைக்காரியிடம் விடவில்லை.

வீட்டுக்குப் பின்னால் பொடக்காளி என்கிற கொல்லையில் ஒரு சாய்ப்புக் கொட்டகை. அங்கேதான் வென்னீர் அடுப்பு, மேலே விறகு காய்வதற்கு ஓர் அட்டாலி, பக்கத்தில் தென்னந்தட்டி மறைத்த குளியலிடம். மழையில் விறகெல்லாம் நனைந்து, தினமும் புகைதான் வந்ததே தவிர தண்ணீர் காய்ந்தபாடில்லை. நான் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தபோது அத்தை பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

"ஏம்மிணி, அட்டாலில ஒரு மூங்கக் கட்டு கெடக்குதே, நல்லாக் காஞ்சது. ஆரு கொண்டாந்து போட்டது?"

"தெரியலீங்க அத்தை."

"கூடைக்காரன் உட்டுட்டுப் போனதாட்ட இருக்குது. ஈர வெறகு பொகையுது. பச்ச ஒடம்பு, நீ பொகையில இருமுனா ஆவுமா."

எனக்கு நிஜமாகவே தெரியாது. தெரியாது என்றுதான் சொன்னேன். இன்றைக்கு யோசித்தாலும் வேறென்ன சொல்லியிருக்க முடியும் என்று தெரியவில்லை.

அந்த மழைக்காலத்தில் அன்று மாதிரி வென்னீர் எனக்குக் கிடைத்ததே இல்லை. அத்தை சொம்பு சொம்பாக மொண்டு இடுப்பில் விசிறி ஊற்றினார். எலும்புக்குள் போய்ச் சூடு இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுகமாக இருந்தது. என்னால் மறக்க முடியாதது அதுதான், அந்தச் சுகம்.

தண்ணீர் எடுக்க அக்கா குடத்தோடு வந்தாள். மழைக்குத் தலையில் ஒரு சாக்கை மடித்துப் போட்டிருந்தாள். தட்டி இடுக்கில் நான் அவளைப் பார்த்தேன். அடுப்புக்கு முன்னால் ஒரு சிவப்புக் கயிறு அவிழ்ந்து கிடந்தது. அதைப் பார்த்தவள் குடத்தைக் கீழே வைத்தாள். உட்கார்ந்தாள். வெறும் கையை அடுப்புக்குள் விட்டாள்.

"அய்யய்யோ, கையி!" என்று அத்தை கத்தினார்.

அவள் இரண்டு மூன்றை இழுத்துப் போட்டாள். நன்றாக இழைத்து வழவழவென்றிருந்த மூங்கில் பத்தைகள். ஒரு முனை கரியாகியிருந்தது, மறுமுனையில் கயிறு கோக்கிற துளை. எரிகிற முனையைச் சாக்கடைத் தண்ணீரில் முக்கினாள். சொய்யென்று சத்தம் வந்தது.

"என்னம்மிணி அது? ஏதாச்சும் சாமானுங்களா?" அத்தைக்குக் குரல் மாறியிருந்தது.

அக்கா அவரைப் பார்த்தாள். தட்டிக்குப் பின்னால் நனைந்துபோய் உட்கார்ந்திருந்த என்னையும் பார்த்தாள். உள்ளே என் பிள்ளை அழ ஆரம்பித்திருந்தான்.

"ஒண்ணுமில்லம்மா. மூங்கில்தான்," என்றாள்.

அட்டாலியில் மிச்சமிருந்ததை எடுத்து அணைத்துக்கொண்டு மழையில் நடந்து போய்விட்டாள். குடம் அங்கேயே இருந்தது.

சாயங்காலம் கம்பெனி விட்டதும் அவள் புருஷன் எங்கள் வாசலில் வந்து நின்றார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் வந்தது மன்னிப்புக் கேட்க.

"தப்பு என்னோடதும்மா. ரூமு ஒழுகுதேன்னு, உங்களைக் கேக்காம அட்டாலில வச்சுப்புட்டேன். காய்ஞ்ச எடம் அது ஒண்ணுதான் இருந்துச்சு."

அத்தை அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அப்போதுதான் அது என்னவென்று தெரிந்தது. பர்மாவில் பத்தலா என்று ஒரு வாத்தியம். படகு மாதிரி வளைந்த ஒரு மரப்பெட்டி. அதன்மேல் குறுக்கே மூங்கில் பத்தைகளைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருக்கும், நீளத்திலிருந்து குட்டை வரை வரிசையாக. இரண்டு கையிலும் குச்சி பிடித்துத் தட்டி வாசிப்பது. அக்காவின் அப்பா திருவிழாக் கூத்துகளில் அதை வாசிக்கிறவர். மூங்கிலைத் தேர்ந்து வெட்டி, வருஷக்கணக்கில் அடுப்புக்கு மேலே புகையில் போட்டுப் பதமாக்கி, மகளுக்கென்று அவரே இழைத்துக் கொடுத்தது. பெட்டியைக் கப்பலில் ஏற்ற விடவில்லை. பத்தைகளை மட்டும் கழற்றிக் கட்டிக் கொண்டுவந்திருக்கிறாள். குட்டையெல்லாம் தகரப் பெட்டிக்குள் போய்விட்டது. நீளமானவை வெளியே ஒரு கட்டு.

"ரங்கூன் துறைமுகத்துல தோடு, சங்கிலி எல்லாத்தையும் கழட்டிக்கிட்டாங்கம்மா. இந்தக் கட்டை அவுத்துப் பாத்துட்டு, வெறகான்னு சிரிச்சு விட்டுட்டாங்க. இங்க ஒரு பெட்டி செஞ்சு தாரேன்னு நான்தான் சொல்லிட்டே இருந்தேன். குச்சி முனையில சுத்துறதுக்குப் பனியன் துணிகூடச் சேத்து வச்சிருக்கா."

அத்தை அவருக்கு ஒரு டம்ளர் காப்பி கொண்டுவந்து வைத்தார். பிறகு, "அதுல பாட்டு வருமுங்களா?" என்று கேட்டார்.

"வருமும்மா."

அவர் போன பிறகு அத்தை தட்டில் போட்ட சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிட்டார். எனக்கும் இறங்கவில்லை. எனக்கு ஊற்றிய வென்னீரில்தான் எரிந்திருந்தது. நான் கொளுத்தவில்லை, கொளுத்தச் சொல்லவும் இல்லை. ஆனாலும் அடுத்த நாள் குளிக்க உட்கார்ந்தபோது உடம்பு கூசியது. "தண்ணி சூடு பத்துலீங்களா அம்மிணி?" என்று அத்தை கேட்டார். "பத்துதுங்க" என்றேன். இரண்டு பேரும் அடுப்பைப் பார்க்கவில்லை.

அத்தைக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. செய்து முடிக்கத்தான் தெரியும். மழை வெறித்ததும் கடைசி ரூமுக்குப் போனார். நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனேன். அக்காவின் வலது கையில் துணி சுற்றியிருந்தது.

"எரிஞ்சதுக்கெல்லாம் புதுசு செஞ்சு தர்றேன், கண்ணு. அதே நீளம், அதே மொத்தம்."

"வேணாம்மா. விடுங்க."

"உடறதாவது. அப்படியெல்லாம் உட்டுட முடியாதுங்க," என்றார் அத்தை. அது உத்தரவு மாதிரி இருந்தது.

தன் அண்ணனுக்கு ஆள் அனுப்பிக் குன்னத்தூர்த் தோட்டத்தில் மாட்டுச் சாளையின் கூரையைப் பிரிக்க வைத்தார். கொசுவுக்குப் போடுகிற மூட்டத்தில் எத்தனையோ காலம் புகை குடித்த மூங்கில். வண்டியில் வந்து இறங்கியது. தறிச் சாமான் செய்கிற ஆசாரி ஒருவர் வந்தார். அக்கா தரையில் கரியால் படகு மாதிரி வரைந்து காட்ட, பனியன் அனுப்புகிற பெட்டிப் பலகையில் அவர் அதைச் செய்துவிட்டார். பார்க்க மாட்டுத் தொட்டி மாதிரிதான் இருந்தது. அக்கா முதல்முறையாகச் சிரித்தாள். மிஞ்சிய பழைய பத்தைகளை அதில் கட்டித் தொங்கவிட்டு, எரிந்துபோனவற்றின் இடத்தைக் காலியாக விட்டாள்.

சுருதி பார்க்க அவிநாசிப் பக்கத்திலிருந்து நாயனக்காரர் ஒருவரை அத்தை வரவழைத்தார். எங்கள் குடும்பத்துக் கல்யாணங்களுக்கெல்லாம் அவர்தான் வாசிப்பார். நல்ல மனுஷர், கொஞ்சம் முன்கோபி. பழைய பத்தைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"ஏனுங்க அம்மா, இது பழசே சுதி சேருலீங்களே. கப்பல்ல வந்ததுல கெட்டுப் போச்சுங்களாட்ட இருக்குது."

அக்கா தலையை ஆட்டினாள். "கெடலை. அப்படித்தான்."

"அப்படித்தான்னா? இங்க பாருங்க, இந்த எடம்..." நாயனத்தில் ஊதிக் காட்டினார். "இதுக்கும் இல்லாம அதுக்கும் இல்லாம நடுவுல நிக்குது. நடுவுல எப்படிங்க சுரம் நிக்கும்?"

"எங்களுக்கு நிக்கும்," என்றாள் அக்கா.

அவர் சிரித்துவிட்டார். எங்களுக்கும் சிரிப்பு வந்தது. அவள் தப்பாகச் சொல்கிறாள் என்று யாரும் நினைக்கவில்லை. ஆனால் அவள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. ஆசாரி பத்தையின் அடிப்பக்கத்தை இழைப்பார், அவள் தட்டிப் பார்த்து வாயால் ஒரு மெல்லிய சத்தம் கொடுப்பாள், நாயனக்காரர் "கொஞ்சம் ஏத்தம், இன்னும் இழைங்க" என்று தன் காதுக்குச் சேர்த்துக்கொண்டே போவார். ஒரு தடவை அவள் ஆசாரியின் கையைப் பிடித்து நிறுத்தினாள். "இதோட போதும்." நாயனக்காரர் விடவில்லை. "சித்த பொறுங்கம்மா, நேர் பண்ணிப்புடறேன்." அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. கோணலாக இருந்த ஒன்றைத் தன் கைப்படச் சரிசெய்து கொடுக்கிறோம் என்று மனதார நம்பினார்.

எல்லாம் கட்டி முடிந்ததும் அத்தை எதிரில் மணை போட்டு உட்கார்ந்தார். அந்த நாட்களில் அவர் பாதி இளைத்திருந்தார். கம்பெனியில் யாரையும் அதட்டுவதுகூட நின்றுபோயிருந்தது.

"இப்பச் சரியா இருக்குதுங்களா, கண்ணு?" என்று கேட்டார். கேட்கும்போதே கண் நிறைந்துவிட்டது. மாமனார் போன அன்றுகூட அவர் எங்கள் முன்னால் அழவில்லை.

அக்கா அவரையே பார்த்தாள். "சரியா இருக்கும்மா," என்றாள்.

பிறகு வாசித்தாள். பனியன் துணி சுற்றிய இரண்டு குச்சிகளும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடின. மரத்திலிருந்து அப்படி ஈரமான சத்தம் வரும் என்று நான் நினைத்ததில்லை. லைன் வீடே கூடிவிட்டது. ஷெட்டில் மிஷினை நிறுத்திவிட்டு ஆட்கள் வந்து நின்றார்கள். எங்கள் எல்லாருக்கும் அது அருமையாக இருந்தது. நாயனக்காரர் தொடையில் தாளம் போட்டார். நான் மட்டும் அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்திருந்தேன். கை கீழ்ச்சுரங்களுக்கு, நீளமான புதுப் பத்தைகளுக்குப் போகும்போதெல்லாம் அவள் இமை சுருங்கியது, பல்லிடுக்கில் மணல் சிக்கினவள் மாதிரி.

மறுநாள் மடிப்பு மேஜையில் மெதுவாகக் கேட்டேன். "ஏனுங்க்கா, நெசமாவே சரியா இருக்குதுங்களா?"

அவள் கையிலிருந்த பனியனை மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள். "மேல உள்ளது எங்க அப்பா. கீழ உள்ளது அந்த நாயனக்காரர். ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருக்க முடியல, தங்கச்சி."

"நான் அத்தைகிட்டச் சொல்லட்டுங்களா?"

"வேணாம். அவங்க இப்பத்தான் சோறு சாப்பிடுறாங்க."

நான் சொல்லவில்லை. அவள் வேண்டாம் என்றதால்தான் சொல்லவில்லை என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது பாதிதான் உண்மை. வீட்டில் அடுப்பைப் பார்த்துப் பேச முடிகிற நிலைமை அப்போதுதான் திரும்பியிருந்தது. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு அத்தையின் அன்பு ஆரம்பித்தது. அன்பு என்றுதான் சொல்லவேண்டும். காலையில் கறந்த பாலில் முதல் சொம்பு கடைசி ரூமுக்குப் போகும். வீட்டில் பலகாரம் சுட்டால் முதல் தட்டு அங்கே. மடிக்கிற வேலை வேண்டாம், கை காய்ந்துவிடும் என்று அவளை மேஜையிலிருந்து எழுப்பி எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்து உட்கார வைத்தார். லைன் பெண்களுக்கு வயிற்றெரிச்சல். "பர்மாக்காரி என்னமோ மருந்து வெச்சுட்டா" என்று காதுபடப் பேசினார்கள். அக்காவோ, அத்தையின் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து நின்றுவிடுவாள். கையில் வேலை இல்லாமல் எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தண்டனை மாதிரி இருந்தது.

யார் வீட்டுக்கு வந்தாலும் அத்தை, "அம்மிணி, அதச் சித்த வாசி" என்பார். நூல்காரர் வந்தால் வாசிக்க வேண்டும். சம்பந்தி வீட்டார் வந்தால் வாசிக்க வேண்டும். தைப்பூசத்துக்குக் காவடி கட்டுகிற நெசவாளர் தெருக்காரர்கள் பம்பையோடு வாசலுக்கு வந்தபோது, அவர்களோடு சேர்ந்து வாசிக்கச் சொன்னார். பம்பைச் சத்தத்தில் பத்தலா இருந்த இடம் தெரியவில்லை. அந்தப் பம்பைக்காரர் நல்லவர், அவளுக்காகத் தன் அடியைக் குறைத்துக் குறைத்துப் பார்த்து, கடைசியில் கும்பிட்டுவிட்டுப் போனார். அத்தைக்கு அதுவும் பெருமையாகத்தான் இருந்தது. தான் எரித்ததைத் தானே முழுசாக்கிவிட்டோம் என்று ஊருக்கெல்லாம் காட்டவேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவை காட்டும்போதும் அவர் மனசில் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்க வேண்டும். அது இன்னொருத்தி தலையில் ஏறியதை அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

"எத்தனை நாளைக்கு உங்க அத்தை இப்படிச் செய்வாங்க, தங்கச்சி?" என்று அக்கா என்னைக் கேட்டாள்.

"நல்ல மனசுங்க்கா அவுங்களுக்கு," என்றேன்.

"தெரியும். அதான் கஷ்டமா இருக்கு."

ஒருமுறை கல்கத்தாவிலிருந்து எங்கள் பனியனை வாங்குகிற வியாபாரி வந்திருந்தார். வழக்கம்போல் அக்காவை உட்கார வைத்தார் அத்தை. கேட்டுவிட்டு அந்த மனுஷர் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார். கூட வந்த தரகர் அதைத் தமிழில் சொன்னார்: அவர்கள் பக்கம் பீங்கான் கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றிக் குச்சியால் தட்டி வாசிப்பார்களாம், தண்ணீரைக் கூட்டிக் குறைத்தால் சுரம் மாறுமாம், கேட்க இதே மாதிரி இருக்குமாம். அத்தைக்கு முகமெல்லாம் பூரிப்பு. "இன்னொண்ணு வாசி கண்ணு" என்றார். அக்கா ஆரம்பித்தாள். பாதியில் கை நின்றுவிட்டது. குச்சிகளைப் பெட்டியின்மேல் அருகருகே வைத்தாள்.

"என்னால முடியலம்மா," என்றாள்.

"கை வலிக்குதுங்களாட்ட இருக்குது. தீப்பட்ட கையி," என்று அத்தை விருந்தாளிக்குச் சமாதானம் சொன்னார். சொல்லிவிட்டு அவரே ஒருமாதிரி ஆகிவிட்டார். நான் காப்பி கொண்டுவருகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

அதன்பின் கொஞ்ச நாளிலேயே அவள் புருஷனுக்குத் தெற்கே ஒரு ஊரில் நூல் மில்லில் வேலை கிடைத்தது. பர்மாவிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர் அங்கே சேர்ந்திருந்தார்கள், குடியிருக்க வரிசை வீடும் உண்டு. அத்தை எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். இங்கேயே இன்னும் நல்ல வேலை தருகிறேன் என்றார். அவர்கள் பதமாக மறுத்துவிட்டார்கள். கிளம்பும்போது அக்கா என் இரண்டாவது பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அத்தையின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். தொட்டி மாதிரி இருந்த அந்தப் பெட்டியை வண்டியில் சாக்குச் சுற்றி ஏற்றினார்கள்.

ரூமைக் கழுவிவிடப் போன அத்தை பொடக்காளி வழியாகத் திரும்பி வரும்போது கையில் ஒரு துணி முடிச்சு இருந்தது. அவிழ்த்தால், குன்னத்தூர் மூங்கிலில் செய்த பத்தைகள். ஒன்றுகூட விடாமல் கழற்றி, துடைத்து, அடுப்புக்கு மேலே அதே அட்டாலியில் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

அத்தை கூடத்தில் உட்கார்ந்து அவற்றைத் தரையில் அடுக்கினார். விரலால் ஒன்றைத் தட்டினார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியுங்க அத்தை."

"எப்ப இருந்து?"

"கட்டி முடிச்சதுக்கு மக்காநாளே சொல்லுச்சுங்க அக்கா."

"நீயுமா, அம்மிணி," என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பல நாள் என்னோடு தேவைக்கு மட்டும்தான் பேசினார். "நாயனக்காரன் நேர் பண்ணறான்னு நானும் பாத்துட்டே உக்காந்திருந்தேன்" என்று கம்பெனிக் கணக்கு பார்க்கிற நேரத்தில் தானாகச் சொல்லிக்கொள்வார். வருகிறவர்கள் போகிறவர்களை எல்லாம் வாசிப்புக் கேட்க உட்கார வைத்தாரே, அந்த நினைவுதான் அவரை அதிகம் வதைத்தது என்று நினைக்கிறேன். எரித்தது தெரியாமல் நடந்தது. இது அவர் கண் முன்னால், அவர் சொல்லிச் சொல்லி நடந்தது.

அடுத்த வேனிலில் ஒரு நாள் அத்தை, "கெளம்பு, போயி பாத்துட்டு வந்துரலாம்" என்றார். வழக்கமாக எங்கே போனாலும் கூடை நிறையச் சாமான் எடுத்துப்போகிறவர். அன்று பழத்தைத் தவிர ஒன்றும் எடுக்கவில்லை. பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

மில் குடியிருப்பில் அக்கா எங்களைப் பார்த்து ஓடிவந்தாள். கன்னத்தில் மறுபடி அந்தப் பூச்சு இருந்தது. யாரோ பர்மாவிலிருந்து வந்தவர்கள் கட்டை கொடுத்திருந்தார்களாம். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். ஒரே ஒரு அறைதான். மூலையில் அந்தப் பெட்டி இருந்தது. பழைய பத்தைகள் மட்டும் தொங்கின. இடையிடையே காலி.

தண்ணீர் குடித்துவிட்டு அத்தை நேராகக் கேட்டார்.

"நா செஞ்சு குடுத்தது தப்பாத்தேன் பேசுச்சா, கண்ணு?"

"ஆமாம்மா."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நீங்க இன்னொண்ணு செய்வீங்க."

அத்தைக்கு அதைக் கேட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. முதலில் சிரித்தது அக்காதான். பிறகு மூன்று பேரும் சிரித்தோம், அக்கம்பக்கத்துப் பெண்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்கு.

அந்தப் பெண்கள் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். எல்லாரும் ரங்கூன், மோல்மேன் என்று வெவ்வேறு இடத்திலிருந்து வந்தவர்கள். தமிழும் பர்மா பாஷையும் கலந்து பேசினார்கள். யாரும் வாசிக்கச் சொல்லவில்லை. பேச்சுக்கு நடுவில் அக்கா தானாகக் குச்சிகளை எடுத்தாள். மேலே உள்ள பத்தைகளில் வேகமாக ஓடினாள். கீழே காலி இடம் வரும்போது கை சும்மா நிற்க, அந்தச் சத்தத்தை வாயால் பாடினாள். பக்கத்துப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒரு கிழவி மட்டும் தப்பான இடத்தில் நுழைந்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள், மற்றவர்கள் அவளைக் கேலி செய்தார்கள். எங்கள் கூடத்தில் கேட்டது வேறு, இது வேறு. நாயனக்காரர் நடுவில் நிற்காது என்ற சுரம் அங்கே நின்றது. ஆனால் முழுப் பத்தைகளோடு, அவள் அப்பா கட்டிக் கொடுத்தது எப்படிக் கேட்டிருக்கும் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. இனித் தெரியவும் வழியில்லை.

எங்களுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. விருந்துக்கு ஆள் கூட்டியே பழகிய அத்தை ஒரு ஓரமாக, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என்ன பாட்டுங்க அது?" என்று பக்கத்துப் பெண்ணை மெதுவாகக் கேட்டார். "படகுக்காரன் பாட்டும்மா, வெள்ளம் வடியறதுக்குக் காத்துக்கிட்டு இருக்கான்," என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி பாடப் போய்விட்டாள்.

பஸ்ஸுக்கு நேரமானது. அக்கா நிறுத்தம்வரை வந்து ஏற்றிவிட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்த அத்தை பழம் கொண்டுபோன காலிப் பையை மடிப்பதும் பிரிப்பதுமாக வந்தார். பல்லடம் நெருங்கும்போது சொன்னார்.

"அவ என்னை மன்னிச்சுட்டாளான்னு தெரியல, அம்மிணி."

"கேட்டீங்களா?"

"கேக்குலை."

"கேட்டிருக்கலாமுங்களே அத்தை. அக்கா ஒண்ணும் சொல்லியிருக்காது."

"அதுக்குத்தேன் கேக்குலை," என்றார் அத்தை. "கேட்டா மன்னிச்சுட்டேன்னு சொல்லிப்போடுவா. அந்தப் பொய்யையும் அவளைச் சொல்ல வெக்கோணுமா?"

கண்டக்டர் வந்து, பல்லடத்தில் பஸ் மாறுகிற திருப்பூர் ஆட்களெல்லாம் இறங்கத் தயாராகுங்கள் என்று குரல் கொடுத்துக்கொண்டே போனார்.